கேஸ் ஷீட் யார் கையில்?

மதுரையில் மருத்துவமனை ஆவணப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், வாசகர் கேள்விகளுக்குப் பதில் தருகிறார். இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன: நம் சிகிச்சை விவரங்களை மருத்துவமனைகள் கணினி வழியே பகிர்ந்துகொள்வது நல்லதா, ஆபத்தா?

கேள்வி: அம்மாவுக்குச் சுகர் மாத்திரை வாங்க அரசு மருத்துவமனைக்குப் போயிருந்தோம். ஓ.பி. சீட்டு போடும் இடத்தில் ஒரு க்யூ.ஆர். கோடைக் காட்டி, போனில் ஸ்கேன் பண்ணச் சொன்னார்கள். ஆபா எண் உருவாகிவிட்டது என்று மெசேஜ் வந்தது. அம்மாவின் நோய் விவரமெல்லாம் இனி டெல்லிக்குப் போய்விடுமா?
– ச.வே., திண்டுக்கல்

பதில்: போகாது. அன்றைக்கு நீங்கள் கொடுத்தது அம்மாவின் பெயர், வயது, முகவரி, போன் நம்பர் இவ்வளவுதான். சீட்டு எழுதுபவர் சத்தமாகக் கேட்டுக் கேட்டு எழுதுகிற அதே சங்கதி. இப்போது வரிசையில் நிற்காமல் போய்ச் சேர்கிறது, டோக்கனும் போனுக்கே வந்துவிடுகிறது.

ஆபா என்பது 14 இலக்க எண். தேசிய சுகாதார ஆணையம் நடத்தும் திட்டம். 2020 ஆகஸ்ட் 15 அன்று புதுச்சேரி உட்பட ஆறு யூனியன் பிரதேசங்களில் சோதனையாகத் தொடங்கி, 2021 செப்டம்பர் 27-ல் நாடு முழுவதற்கும் கொண்டுவந்தார்கள். ரத்தப் பரிசோதனை முடிவு அதை எடுத்த லேபின் கணினியிலேயே இருக்கும், டிஸ்சார்ஜ் சம்மரி அதை எழுதிய மருத்துவமனையிலேயே இருக்கும். எந்தெந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று கோத்து வைப்பதுதான் அந்த எண்ணின் வேலை.

நாளைக்கு மதுரையில் ஒரு டாக்டர் உங்கள் அம்மாவின் பழைய ரிப்போர்ட்டைப் பார்க்க வேண்டும் என்றால், அவர் கோரிக்கை அனுப்ப வேண்டும். எதற்காக, எந்த வகை ஆவணம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை உள்ளவை, எவ்வளவு நாள் பார்க்கலாம் என்றெல்லாம் அந்தக் கோரிக்கையில் இருக்கும். நீங்கள் சம்மதித்தால்தான் போகும். கேட்டதைவிடக் குறைத்துக் கொடுக்கலாம், பிறகு ரத்தும் செய்யலாம். ஆனால் ரத்து செய்வதற்குள் அவர் படித்ததையும் பிரிண்ட் எடுத்து ஃபைலில் சொருகியதையும் திரும்ப வாங்க முடியாது. இதைக் கவுன்டரில் யாரும் சொல்வதில்லை.

எனக்கு உறுத்துவது வேறு. கூட்டம் நெருக்கும்போது ஊழியர்களே நம் போனை வாங்கி எல்லாவற்றுக்கும் 'ஓகே' கொடுத்துத் திருப்பித் தருகிறார்கள். அவர்களைத் திட்டிப் பயனில்லை, பின்னால் முந்நூறு பேர் நிற்கிறார்கள். இருந்தாலும் அந்த 'ஓகே' உங்களுடையது. போனைக் கையில் வைத்துக்கொண்டு நீங்களே அழுத்துங்கள்.

கேள்வி: ஆபா அட்டையைக் காட்டினால் ஐந்து லட்சம் ரூபாய் சிகிச்சை இலவசமா?
– மு.க., பரமக்குடி

பதில்: இல்லை. அது முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை, வேறு சமாச்சாரம். ஆபா அட்டையில் ஒரு ரூபாய்கூடக் கிடையாது, அது ஒரு அடையாள எண் மட்டும்தான். விருப்பம் இருந்தால் வைத்துக்கொள்ளலாம், கட்டாயமில்லை. அது இல்லை என்பதற்காகச் சிகிச்சை மறுக்கக் கூடாது.

கேள்வி: என் மாமனாருக்கு இதய வால்வு மாற்றி, தினமும் அசிட்ரோம் மாத்திரை சாப்பிடுகிறார். பேத்தி கல்யாணத்துக்கு வெளியூர் போன இடத்தில் குளியலறையில் வழுக்கி விழுந்து தலையில் அடி. அங்கே இருந்த டாக்டருக்கு மாத்திரை பெயரைச் சொல்ல எங்களில் யாருக்கும் தெரியவில்லை. "சின்ன வெள்ளை மாத்திரை" என்றுதான் சொன்னோம். கடவுள் புண்ணியத்தில் பிழைத்துக்கொண்டார். இந்த மாதிரி நேரத்தில் ஆவணப் பகிர்வு உதவியிருக்குமா?
– இல்லத்தரசி, கரூர்

பதில்: உதவியிருக்கும். இந்த முறையை நான் ஆதரிப்பதே உங்கள் மாமனாரைப் போன்றவர்களுக்காகத்தான்.

அசிட்ரோம் ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து. அதைச் சாப்பிடுகிறவர் தலையில் அடிபட்டால், வெளியே லேசான வீக்கம்தான் தெரிந்தாலும் உள்ளே மெதுவாகக் கசிந்துகொண்டிருக்கலாம். விவரம் தெரிந்த டாக்டர் உடனே தலைக்கு சி.டி. எடுப்பார், ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையும் பார்ப்பார். தெரியாதவர், பேசுகிறார், நடக்கிறார் என்று வீட்டுக்கு அனுப்பிவிடக்கூடும். கசிவு இருந்தால் மருந்தின் வேலையை முறிக்க வைட்டமின் கே போன்றவை உண்டு. ஆனால் உலோக வால்வு வைத்தவருக்கு முறித்தால் வால்வில் ரத்தம் கட்டிக்கொள்ளும் அபாயம் வேறு இருக்கிறது. அதனால் எந்த வால்வு, எந்த ஆண்டு, கடைசி ஐ.என்.ஆர். எவ்வளவு என்று தெரிந்தால்தான் அந்த டாக்டரால் தைரியமாக முடிவெடுக்க முடியும். பெரிய ஃபைல் அவருக்கு வேண்டாம், இந்த நாலு வரி போதும்.

பென்சிலின் அலர்ஜியும் அப்படித்தான். சிறுநீரகம் பழுதடைந்தவருக்கு சி.டி.க்கு மருந்து ஏற்றுவதற்கு முன்னால் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் பழைய கிரியேட்டினின் அளவு தெரிவதும் அப்படித்தான். ஆவண அறையில் இருந்தபோது இரவு ஷிஃப்ட்டில் எமர்ஜென்சியிலிருந்து வரும் போன் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "அக்கா, இவருக்குப் போன வருஷம் பைபாஸ் நம்ம இடத்துலதானே?" என்பார்கள். நம் இடமாக இருந்தால் ஃபைலை எடுத்துக்கொண்டு ஓடுவோம். வேறு இடம் என்றால் மூச்சே வராது. பைபாஸ் செய்த மருத்துவமனை இரண்டே தெரு தள்ளி இருந்திருக்கும். ஆனால் எங்களைப் பொறுத்தவரை அது அயல்நாடு.

சரி, கணினி வந்துவிட்டது, இனிக் கவலையில்லை என்றும் சொல்லமாட்டேன். உங்கள் மாமனார் மாதாமாதம் மாத்திரை எழுதி வாங்குவது தெருமுனை கிளினிக்கில் என்றால், அந்த டாக்டர் பேனாவால் துண்டுச் சீட்டில் எழுதியது எந்த வலைப்பின்னலிலும் இருக்காது. அப்புறம், சம்மதம் கேட்டு வரும் ஓ.டி.பி., விழுந்து கிடப்பவரின் பூட்டிய போனுக்குத்தானே போகும்? ஆஸ்திரேலியாவில் 'மை ஹெல்த் ரெக்கார்டு' என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். உயிர் போகும் அவசரத்தில் டாக்டர் பூட்டை மீறித் திறக்க அதில் வழி இருக்கிறது. மீறியது யார், எப்போது என்பது பதிவாகிவிடும், பிற்பாடு நோயாளி பார்த்துக் கேட்கலாம்.

இப்போதைக்கு ஒரு காரியம் செய்யுங்கள். மாமனாரின் சட்டைப் பையில் ஒரு அட்டை: வால்வு மாற்றிய ஆண்டு, வால்வின் வகை, அசிட்ரோம் அளவு, கடைசி ஐ.என்.ஆர்., உங்கள் போன் நம்பர். லேமினேஷன் போடாதீர்கள். ஐ.என்.ஆர். மாறும்போதெல்லாம் அடித்து எழுத வேண்டியிருக்கும்.

கேள்வி: என் கணவருக்குச் சர்க்கரை நோயே கிடையாது. ஆனால் ஹெர்னியா ஆபரேஷனுக்குப் பிறகு தந்த டிஸ்சார்ஜ் சம்மரியில் 'பத்து வருடமாக நீரிழிவு' என்று இருக்கிறது. இப்போது இன்ஷூரன்ஸ்காரர்கள் நோயை மறைத்ததாகச் சொல்லிப் பணம் தர மறுக்கிறார்கள். வேறு மருத்துவமனைக்குப் போனால் அங்கேயும் கணினியைப் பார்த்து "சுகர் இருக்கா?" என்கிறார்கள்.
– ரா.ஜெ., விருதுநகர்

பதில்: எல்லோரும் ஹேக்கரைப் பற்றிக் கேட்டு எழுதுகிறார்கள். ஆவணத்திலேயே தப்பு இருந்தால் என்ன ஆகும் என்று கேட்டது நீங்கள் ஒருவர்தான். பதில் கொஞ்சம் நீளம்.

காகிதக் காலத்திலும் தப்பு நடந்தது. ஆனால் காகிதத்தில் விழுந்த தப்பு அந்த அலமாரியோடு நின்றுவிடும். கணினித் தப்பு ஒவ்வொரு ஊருக்கும் கூடவே வரும். எப்படி நுழைகிறது என்று சொல்கிறேன். இளம் டாக்டர் ஒருவர் ஒரே இரவில் ஏழெட்டு சம்மரி தட்டச்ச வேண்டும். முந்தைய நோயாளியின் சம்மரியைத் திறந்து, பெயரையும் ஆபரேஷனையும் மாற்றி, மற்றதை அப்படியே விட்டுவிடுவார். மேலே இருந்தவரின் பத்து வருடச் சர்க்கரை உங்கள் கணவர் தலையில் வந்து உட்கார்ந்திருக்கும்.

இன்னொரு வழி, நம்மூருக்கே உரியது: இனிஷியல். கே.முருகன் என்பவர் ரேஷன் கார்டில் முருகன் க., ஆதாரில் முருகன் கருப்பையா, வேலை பார்க்கும் மில்லின் அட்டையில் கருப்பையா முருகன். குடும்பப் பெயர் என்று ஒன்று எல்லோருக்கும் இருக்கும் என நம்பி வடிவமைத்த மென்பொருளுக்கு இவர் மூன்று ஆள். அதைவிட மோசம், இரண்டு கே.முருகன்கள் ஒரே ஆளாவது. வயதைக் கேட்டால் "ஐம்பது இருக்கும்" என்பார்கள், பிறந்த தேதி கேட்டால் ஜனவரி 1 என்று போட்டுவிடுவார்கள். ஒரே பெயர், ஒரே பிறந்த தேதி, ஒரே ஊர் என்று நோயாளிகள் வருவது எங்கள் அறையில் வாடிக்கை. அப்பா பெயர், தெருப் பெயர், பழைய ஆபரேஷன் தழும்பு என்று விசாரித்துத்தான் பிரிப்போம். ஒரு முருகனின் ரத்த வகை இன்னொரு முருகனின் ஃபைலில் ஏறினால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. ஒவ்வொருவருக்கும் தனி எண் வேண்டும் என்பதில் எனக்கு மறுபேச்சே இல்லாததற்கு இதுதான் காரணம். எண் வந்தாலும் பெயரை ஒருமுறை படித்துப் பார்க்கிற கண் வேண்டும்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. மருத்துவமனையின் கண்காணிப்பாளருக்கும் ஆவணப் பிரிவுக்கும் எழுத்தில் கடிதம் கொடுங்கள். ஆபரேஷனுக்கு முன் எடுத்த ரத்தச் சர்க்கரை ரிப்போர்ட்டையும், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. எடுத்திருந்தால் அதையும் இணையுங்கள். உங்கள் கணவருக்கு உண்மையில் சர்க்கரை இல்லை என்பதற்கு அவர்கள் லேபே சாட்சி. பழைய வரியை அழிக்கச் சொல்லாதீர்கள், அழிக்கவும் கூடாது. 'முன்பு குறிப்பிட்டது தவறு' என்று தேதி, கையெழுத்தோடு திருத்தக் குறிப்பு சேர்க்கச் சொல்லுங்கள். பகிர்ந்த பிரதிகளுக்கும் அந்தத் திருத்தம் போக வேண்டும் என்று கடிதத்திலேயே எழுதுங்கள், இல்லாவிட்டால் மறந்துவிடுவார்கள். பெறப்பட்டது என்று முத்திரை வாங்காமல் வராதீர்கள். அந்தத் திருத்தத்தோடு காப்பீட்டு நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். அங்கும் நடக்காவிட்டால் சென்னையில் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகம் இருக்கிறது, கட்டணம் கிடையாது.

பாலிசி எத்தனை வருடமாக விடாமல் ஓடுகிறது என்றும் பாருங்கள். தொடர்ந்து 60 மாதம் முடிந்துவிட்டால், மோசடி என்று நிரூபித்தாலொழிய, நோயை மறைத்தார் என்று சொல்லி மறுக்க முடியாது. 2024-க்கு முன் இது எட்டு வருடமாக இருந்தது.

கேள்வி: பெயர் வேண்டாம். கல்யாணத்துக்கு முன் இரண்டு வருடம் மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிட்டேன். கணவர் வீட்டுக்குத் தெரியாது. இப்போது கர்ப்பமாக இருக்கிறேன். பிரசவ மருத்துவமனையில் ஆபா எண் கேட்கிறார்கள். கொடுத்தால் எல்லாம் வெளியே வந்துவிடுமோ என்று தூக்கம் வரவில்லை.
– வாசகி, ஈரோடு

பதில்: முதலில் தூங்குங்கள் அம்மா. எண்ணைக் கொடுத்ததும் எல்லாம் கொட்டிவிடாது. அந்த மனநல டாக்டர் உங்கள் ஆவணத்தை ஆபா எண்ணோடு இணைத்திருந்தால்தான் அது அங்கே தென்படவே செய்யும். கல்யாணத்துக்கு முந்தைய காகிதச் சீட்டு என்றால் அதற்கு வாய்ப்பு மிகக் குறைவு. இணைத்தே இருந்தாலும் உங்கள் சம்மதம் இல்லாமல் திறக்க முடியாது.

2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் உங்கள் சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைக்கச் சொல்கிறது. உங்களுக்குச் சிகிச்சை தரும் மற்ற டாக்டர்களுக்குத் தேவையான அளவு தெரிவிக்கலாம் என்ற விலக்கு அதில் உண்டு. மாமியார் அந்தப் பட்டியலில் இல்லை.

நான் பயப்படுவது போனைப் பற்றி. உங்கள் ஆபா எண் எந்த மொபைல் நம்பரில் பதிவாகியிருக்கிறது? நம் வீடுகளில் பெண்களின் எல்லாக் கணக்குகளும் கணவர் நம்பரில்தான் இருக்கும். கேஸ் புக்கிங்கிலிருந்து பேங்க் வரை. ஓ.டி.பி. அவருக்குப் போனால், சம்மதம் கொடுப்பவர் அவர். சட்டமும் மென்பொருளும் எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் அந்த ஒரு நம்பரில் எல்லாம் கோட்டை விட்டுப் போகும். உங்கள் சொந்த நம்பருக்கு மாற்றுங்கள், போனுக்குப் பூட்டு போடுங்கள். அரசு கர்ப்பப் பதிவுக்கான பிக்மி எண் வேறு, அதை மறுக்காதீர்கள். குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கு அது வேண்டும்.

ஆனால் ஒன்று. பிரசவ டாக்டரிடம் மட்டும், அறையில் வேறு யாரும் இல்லாதபோது, மாத்திரையின் பெயரைச் சொல்லிவிடுங்கள். மனநலத்துக்குத் தரும் மருந்துகளில் சில, வால்ப்ரோயேட் போன்றவை, கருவைப் பாதிக்கக்கூடியவை. இப்போது சாப்பிடவில்லை என்றாலும், பிரசவத்துக்குப் பிறகு மனச்சோர்வு திரும்பலாம் என்று அவர் கவனமாக இருப்பார். கணவர் கூடவே உள்ளே வருகிறார் என்றால், "பரிசோதனைக்கு நான் மட்டும் போகிறேன்" என்று நர்ஸிடம் சொல்லுங்கள். அவருக்குப் புரியும். இதை அவர் பார்ப்பது முதல்முறையாக இருக்காது.

கேள்வி: டெல்லி எய்ம்ஸையே முடக்கினார்களே! எல்லா மருத்துவமனையையும் ஒன்றோடொன்று இணைத்துவிட்டால் ஹேக்கர்களுக்கு ஒரே கல்லில் ஆயிரம் மாங்காய் ஆகாதா?
– கல்லூரி மாணவன், தாம்பரம்

பதில்: நியாயமான பயம். 2022 நவம்பர் 23-ல் எய்ம்ஸின் ஐந்து சர்வர்களைப் பூட்டிவிட்டார்கள். ஏறத்தாழ 1.3 டெராபைட் தரவு பாதிக்கப்பட்டது என்று அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது. சுமார் இரண்டு வாரம் ஓ.பி.யிலும் லேபிலும் பேனாவும் காகிதமும்தான். சிங்கப்பூரில் 2018-ல் சிங்ஹெல்த் குழுமத்திலிருந்து 15 லட்சம் பேரின் விவரம் திருடுபோனது. அதில் 1,60,000 பேர் என்ன மருந்து வாங்கினார்கள் என்பதும் சேர்த்தி. அப்போதைய பிரதமர் லீ சியன் லூங்கும் அவர்களில் ஒருவர். பின்லாந்தில் வஸ்தாமோ என்ற மனநல ஆலோசனை நிறுவனத்தில் நடந்தது இன்னும் கொடூரம். 2020-ல், ஆலோசகரிடம் மனம்விட்டுப் பேசியவற்றின் குறிப்புகளைத் திருடியவன் நோயாளிகளுக்கே மின்னஞ்சல் அனுப்பிப் பணம் கேட்டான்.

இந்தியாவில் ஆவணங்கள் ஒரே கிடங்கில் இல்லாமல் அங்கங்கே இருப்பது ஒரு ஆறுதல். ஒன்று உடைந்தால் எல்லாம் போகாது. ஆனால் அந்த அங்கங்கே என்பதில் பத்துப் படுக்கை நர்சிங் ஹோமும் சேர்த்தி, அங்கே பாதுகாப்பு எப்படி இருக்கும் என்று நான் பார்த்திருக்கிறேன். பாஸ்வேர்டு ஒன்று, ஆள் பத்து. கீபோர்டுக்கு அடியில் ஸ்டிக்கரில் எழுதி ஒட்டியிருக்கும். வேலையை விட்டுப் போனவரின் லாகின் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ரிசப்ஷனில் இருப்பவர், பக்கத்து வீட்டுப் பெண் எதற்காக அட்மிட் ஆனாள் என்று ஆர்வத்தில் ஒரு கிளிக் செய்வார். இன்டர்நெட் திருடன் உங்களைத் தேடி வருவது அபூர்வம். உங்களைத் தெரிந்தவர்தான் உங்கள் ஃபைலைத் தேடுவார். நான் வேலை பார்த்த நாட்களில் கவுன்டருக்கு வந்து ரகசியம் கேட்டவர்களில் முக்கால்வாசி பேர் சம்பந்தி வீட்டார்தான், பழத்தட்டோடு.

எஸ்தோனியாவில் 2008 முதல் நாடு தழுவிய மின்னணு மருத்துவ ஆவணம் இருக்கிறது. அங்கே யார் எப்போது தன் ஆவணத்தைத் திறந்தார் என்று நோயாளியே பார்க்கலாம். நம்மூரிலும் அந்தப் பட்டியல் ஒவ்வொரு நோயாளிக்கும் எளிதாகக் கிடைக்க வேண்டும். எனக்கு ஒரே ஒரு கோரிக்கை வைக்க உரிமை தந்தால் அதைத்தான் வைப்பேன். 2023-ல் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. ஆனால் விதிகள் 2025 நவம்பரில்தான் வெளிவந்தன, முக்கியமான கடமைகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாத அவகாசம் வேறு. அதுவரை ஸ்டிக்கர் ராஜ்யம்தான்.

கேள்வி: வேறு ஊரில் இரண்டாவது கருத்து கேட்க வேண்டும். மருத்துவமனை கேஸ் ஷீட் நகல் தர இழுத்தடிக்கிறது.
– த.பி., நாகர்கோவில்

பதில்: எழுத்தில் கேளுங்கள். 2002-ம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிகளின்படி 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். உள்நோயாளி ஆவணத்தை மூன்று ஆண்டு வைத்திருக்கவும் வேண்டும். அந்த விதியைக் கடிதத்தில் குறிப்பிட்டாலே நடை வேகமாகிவிடும்.

கேள்வி: வயது 74. முப்பது வருட ரிப்போர்ட்டுகள் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கின்றன. எல்லாம் கணினியில் வரப்போகிறதே, தூக்கிப் போடலாமா என்கிறான் மகன்.
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

பதில்: பொறுங்கள் ஐயா. இனிமேல் எடுப்பதுதான் கணினியில் வரும், உங்கள் பெட்டியில் இருப்பது தானாக ஏறாது. ஆபரேஷன் குறிப்புகள், டிஸ்சார்ஜ் சம்மரிகள், பயாப்சி ரிசல்ட், ஸ்டென்ட் வைத்தபோது தந்த அட்டை இவற்றை எடுத்து வையுங்கள். பழைய ஈ.சி.ஜி. ஒன்றாவது வேண்டும். நெஞ்சு வலி என்று போகும்போது புதியதோடு ஒப்பிட அதைவிட உபயோகமான காகிதம் இல்லை. ஈ.சி.ஜி. தாள் நாளாவட்டத்தில் மங்கிவிடும், இன்றே ஜெராக்ஸ் எடுங்கள். மகனை இவற்றைத் தெளிவாக ஸ்கேன் செய்து ஆபா செயலியில் ஏற்றச் சொல்லுங்கள், அதற்கு வசதி இருக்கிறது.

மிச்சத்தைக் கழிக்கலாம். ஆனால் எடைக்குப் போடாதீர்கள். சுண்டல் மடித்துத் தந்த காகிதத்தில் முழுப் பெயர், வயது, போன் நம்பரோடு யாரோ ஒருவரின் ரத்தப் பரிசோதனை முடிவை நான் படித்திருக்கிறேன். பெயர் இருக்கும் மூலையைக் கிழித்து, தண்ணீரில் ஊறப்போட்டு, அப்புறம் குப்பையில் சேருங்கள்.